காதைச் சுற்றிய காற்றின் வரலாறு

ஹெட்போனின் ரெக்ஸின் உரிந்து கறுப்புத் தூளாகக் கன்னத்தில் ஒட்டத் தொடங்கியதும் பலரும் செய்வது, மாடல் பெயரைத் தேடி ஒரு ஜோடி இயர் பேட் வாங்குவதுதான். அளவு பொருந்த வேண்டும், மெத்தென்று இருக்க வேண்டும். அதற்கு மேல் யாரும் எதையும் பார்ப்பதில்லை. புது பேட்டை மாட்டிக் கேட்டால் பழகிய பாட்டு வேறு மாதிரி ஒலிக்கிறது. மிருதங்கத்தின் தொப்பி அடங்கிவிடுகிறது, அல்லது பாடகரின் குரல் இரண்டடி பின்னால் போய்விடுகிறது, அல்லது ‘ஸ’கரங்கள் காதைக் குத்துகின்றன. இது மனப்பிரமை என்று சொல்பவர்கள் உண்டு. பேட் சரியில்லை என்று நினைத்து இன்னொரு ஜோடி வாங்குபவர்களும் உண்டு. பின்புறம் மூடிய ஹெட்போனில் பேட் என்பது, சவ்வை அசைத்து ஒலி எழுப்பும் டிரைவரைப் போலவே ஒலியை உண்டாக்கும் ஒரு பாகம் என்பதே என் வாதம். இதற்குச் சான்று தேடிப் புதிதாக எங்கும் போக வேண்டியதில்லை. காது பரிசோதிப்பவர்கள், விமானத் துறையினர், ஸ்டூடியோக்காரர்கள் என மூன்று தொழில்கள் தத்தம் தேவைக்காக இதைக் கண்டறிந்து, எழுதியும் வைத்திருக்கின்றன. கடை அலமாரிக்கு வந்த பிறகுதான் அதே பொருள் வெறும் சொகுசுச் சாமானாகிவிட்டது.

காதில் வைக்கும் ஒலிக்கருவியின் வரலாறு மெத்தை இல்லாமல்தான் தொடங்குகிறது, ஆனாலும் இந்த உண்மை ஆரம்பத்திலேயே ஒருமுறை தலைகாட்டியது. 1891-இல் எர்னெஸ்ட் மெர்காதியே என்ற பிரெஞ்சுப் பொறியாளர் காதுத் துளைக்குள் செருகும் சிறிய தொலைபேசிக் கேட்பான்களுக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அவற்றின் முனையில் ரப்பர் உறை இருந்தது. உறைக்கு அவர் சொன்ன காரணங்கள் இரண்டு: காது உராயக் கூடாது, வெளிச்சத்தம் உள்ளே வரக் கூடாது. சொகுசும் அடைப்பும் ஒரே ரப்பர்த் துண்டின் வேலைகளாக அங்கேயே சேர்ந்துவிட்டன. பிறகு 1910-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நதானியல் பால்ட்வின் தன் வீட்டுச் சமையலறையில் ஹெட்போன் செய்து கடற்படைக்கு அனுப்பினார். கடற்படை சோதித்துப் பார்த்து, மேலும் வேண்டுமென்று கேட்டது. அந்தக் காலத்து ஹெட்போன்களில் கடினமான மூடி நேராகக் காதில் உட்காரும், மெத்தை கிடையாது. மணிக்கணக்கில் மாட்டியிருந்த வானொலி இயக்குநர்களுக்குக் காது வலித்திருக்கும், ஆனால் வேலைக்குக் குறை இருக்கவில்லை. அவர்கள் கேட்டது மோர்ஸ் சமிக்ஞை. தந்தியின் ‘டா டிட்’டில் பேஸ் என்று ஒன்று இல்லை. தொலைபேசிப் பேச்சும் ஏறக்குறைய 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்காது. இழப்பதற்குக் கீழ்ஸ்தாயி இல்லாதபோது கசிவு யாருக்கும் தெரியப்போவதில்லை. பேட்டின் ஒலிப் பங்கு பல ஆண்டுகள் மறைந்திருந்ததற்கு முதல் காரணம் இது என்று கருதுகிறேன்.

அந்தப் பங்கு என்ன என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மீதி வரலாறு இதன் மேல்தான் நிற்கிறது. 4 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு டிரைவரைக் கையில் பிடித்துப் பாட்டை ஓடவிட்டால் பேஸ் கேட்காது. சவ்வு முன்னால் தள்ளும் காற்று ஓரமாகச் சுற்றிப் பின்னால் போய்விடும். அதே டிரைவரைக் காதோடு ஒரு சிறிய அறையில் அடைத்தால் காற்றுக்குப் போக இடமில்லை. சவ்வு தள்ளும்போதெல்லாம் அறைக்குள் அழுத்தம் ஏறி இறங்குகிறது, எவ்வளவு மெதுவான அசைவானாலும். மூடிய ஹெட்போன் இத்தனை சிறிய டிரைவரை வைத்துக்கொண்டு 20 ஹெர்ட்ஸ் வரை இறங்குவது இதனால்தான். அந்த அறையின் சுவர் எது? ஒரு பக்கம் டிரைவர் தட்டு, எதிர்ப்பக்கம் மண்டை, சுற்றிலும் பேட். சுவரில் சிறு இடைவெளி விழுந்தால் அதில் நிற்கும் காற்றுக்கும் நிறை உண்டு. வேகமாக அசைத்தால் நகர மறுக்கும், மெதுவாக அசைத்தால் வெளியேறிவிடும். எனவே கசிவு மேல்ஸ்தாயியைத் தொடுவதில்லை, கீழ்ஸ்தாயியை மட்டும் தின்கிறது. கடம் வாசிப்பவர் பானையின் வாயை வயிற்றோடு அணைத்தும் விலக்கியும் கும்காரத்தை மாற்றுகிறாரே, அங்கும் நடப்பது வாயின் திறப்பை மாற்றிக் காற்றை ஆள்வதுதான். மூக்குக்கண்ணாடியின் காம்பு பேட்டுக்கு அடியில் ஓடினாலே போதும், ஆழமான பேஸில் பல டெசிபெல் காணாமல் போகும்.

முதலில் இதை எண்களாக எழுத நேர்ந்தவர்கள் செவிப்புலன் பரிசோதிப்பவர்கள். ஒருவருக்குக் காது எவ்வளவு கேட்கிறது என்று அளக்க, தெரிந்த அளவு ஒலியைக் காதுக்குள் அனுப்ப வேண்டும். மின்சார அளவைத் திட்டமாக அறியலாம். அது காதுக்குள் எவ்வளவு ஒலியாகிறது என்பது பேட்டைப் பொறுத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பல பத்தாண்டுகளில் உலகின் பெரும்பாலான பரிசோதனை அறைகளில் புழங்கிய டெலிஃபோனிக்ஸ் டிடிஎச் 39 என்ற இயர்போனை எடுத்துக்கொள்ளலாம். அதோடு வந்த ரப்பர் மெத்தைக்கு எம்எக்ஸ் 41/ஏஆர் என்று தனிப் பெயர். ராணுவப் பட்டியலிலிருந்து வந்த பெயர் அது. இயல்பான இளம் காதின் கேட்கும் எல்லை இந்த இயர்போனில் 125 ஹெர்ட்ஸில் 45 டெசிபெல், 1000 ஹெர்ட்ஸில் 7 டெசிபெல் என்று தரநிலை அட்டவணை சொல்கிறது. அந்த எண்கள் இயர்போனுக்கு மட்டும் உரியவை அல்ல, குறிப்பிட்ட மெத்தையோடு சேர்ந்த இயர்போனுக்கு உரியவை. அளவுத் திருத்தம் செய்யும்போது மெத்தையோடு சேர்த்து 6 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள ஓர் உலோகக் குழியின் மேல் வைத்து அளப்பார்கள். ஐஎஸ்ஓ தரநிலை தலைப்பட்டை காதை அழுத்தும் விசையைக்கூட 4.5 நியூட்டன் என்று கட்டிப்போட்டிருக்கிறது. ஏறக்குறைய அரைக் கிலோ எடை. மெத்தையை மாற்றினால் அந்த எண்கள் செல்லும் என்று எடுத்துக்கொள்ள முடியாது, அளவுத் திருத்தத்தை மறுபடி செய்ய வேண்டும். சட்டமும் மருத்துவமும் சார்ந்த ஒரு துறை, தொழிற்சாலை இரைச்சலால் காது போனவருக்கு இழப்பீடு எவ்வளவு என்பதுவரை தீர்மானிக்கும் ஒரு துறை, ரப்பர் வளையத்துக்கு இந்த மதிப்பைக் கொடுத்திருக்கிறது.

அந்த அறைகளில் தொழில் செய்பவர்களுக்கு மெத்தை செய்யும் வேறு இரண்டு விஷமங்களும் தெரியும். சரியாக உட்காராத மெத்தை, காது நன்றாக இருப்பவருக்கும் 250 ஹெர்ட்ஸில் செவித்திறன் குறைந்தது போலக் காட்டும். அதிகம் அழுத்தும் மெத்தை, குறிப்பாக முதியவர்களின் மென்மையான காதுத் துளையை மடக்கி மூடிவிடும். அப்போது மேல்ஸ்தாயியில் இல்லாத இழப்பு வரைபடத்தில் தெரியும். ஒரு மெத்தை தளர்ந்தால் கீழே பொய், இறுகினால் மேலே பொய். இசை கேட்பவர் ‘பேஸ் குறைந்துவிட்டது’, ‘மேல் ஒலி மங்கிவிட்டது’ என்று சொல்லும் புகார்களுக்கு இவ்வளவு நெருங்கிய உறவினர்கள் மருத்துவப் பதிவேடுகளில் இருக்கிறார்கள் என்பது எனக்கு முக்கியமான சான்றாகப் படுகிறது. பரிசோதனைக்கு வந்தவருக்கு எந்த பேட் பிடிக்கும் என்ற விருப்பமே இல்லை. அவர் கேட்டதும் கேட்காததும் மட்டுமே பதிவாகின்றன.

விமானம் வேறு வழியில் இதே இடத்துக்கு வந்தது. போர் விமானத்தின் இரைச்சலில் உத்தரவு காதில் விழ வேண்டும். ஹார்வர்டில் 1940-இல் தொடங்கிய மனஒலியியல் ஆய்வகமும், லியோ பெரானெக் தலைமையிலான மின்ஒலியியல் ஆய்வகமும் போர்க்காலம் முழுக்க இந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டின. போர் முடிந்து ஜெட் எஞ்சின் வந்ததும் காதுக் கவசங்களின் தேவை பெருகியது. எவ்வளவு கனமான கிண்ணம் செய்தாலும் கீழ்ஸ்தாயி இரைச்சல் உள்ளே வந்துகொண்டேயிருந்தது. குறை கிண்ணத்தில் இல்லை, அதைத் தலையோடு இணைக்கும் வளையத்தில் இருந்தது. ஒட்டாவாவில் கனடா தேசிய ஆய்வு மன்றத்தின் எட்கர் ஷாவும் ஜி. ஜே. தீசனும் 1958-இல் வெளியிட்ட கட்டுரையின் பொருள் முழுக்க முழுக்க மெத்தைதான். தாடையின் மேடுபள்ளங்களுக்கு ஏற்பத் தானே வடிவெடுக்கும்படி அதற்குள் திரவம் நிரப்பினார்கள். 1962-இல் அதே இருவரும் காதை முழுதாகச் சூழும் இயர்போன்களின் ஒலியியலை விளக்கினார்கள். இரைச்சலை வெளியே நிறுத்தும் சுவரும் இசையை உள்ளே நிறுத்தும் சுவரும் ஒன்றுதான் என்பது அந்த இரண்டு கட்டுரைகளையும் சேர்த்துப் பார்த்தால் தெளிவாகிறது. மில்வாக்கி நகரில் ஜான் கோஸ் 1958-இல் எஸ்பி 3 என்ற ஸ்டீரியோ ஹெட்போனை வெளியிட்டு, வீட்டில் இசை கேட்பவரை ஹெட்போனின் வாடிக்கையாளர் ஆக்கினார். அவருடைய நிறுவனம் 1960-களில் விற்ற ப்ரோ 4ஏ மாடலின் பேட்களில் இருந்ததும் திரவமே. விமான இரைச்சலுக்கு எதிராகப் பிறந்த யோசனை வரவேற்பறை சோபாவுக்கு வந்து சேர்ந்துவிட்டது. வந்தபோது அதன் காரணம் கூடவே வரவில்லை. வாடிக்கையாளர் கண்ட பெருமை மென்மை மட்டுமே.

இங்கே ஒரு எதிர் உதாரணத்தையும் வைக்க வேண்டும். 1968-இல் ஜெர்மனியின் சென்ஹைசர் எச்டி 414 என்ற திறந்த ஹெட்போனைக் கொண்டுவந்தது. அதில் அடைப்பே இல்லை. காதின் மேல் ஒரு ஸ்பாஞ்ச் தட்டு, அதன் வழியாகக் காற்று தாராளமாகப் போய்வரும். உலகம் முழுக்க விற்றது. அடைப்பில்லாமலும் நல்ல ஒலி வரும் என்றால் என் வாதம் பிழையா? அந்த ஹெட்போனின் டிரைவரும் உடலும் கசிவை முதலிலேயே கணக்கில் எடுத்து வடிவமைக்கப்பட்டவை. கசியும் ஸ்பாஞ்சே அதன் ஒலியில் ஒரு பங்கு. அந்த ஸ்பாஞ்சைத் தடித்த ரெக்ஸின் வளையமாக மாற்றினால் எச்டி 414 கெட்டுப்போகும். திறந்த வகையிலும் பேட் பாகம்தான். மூடிய வகையில் அது இன்னும் கூடுதலாகப் பொறுப்பேற்கிறது, ஏனென்றால் கிண்ணத்துக்குள் அடைபட்ட காற்று வேறு வழியில் தப்ப முடியாது.

இனி பேட்டையே கையில் எடுத்துப் பார்ப்போம். உள்துளை 6 சென்டிமீட்டர் உயரம், 4.5 சென்டிமீட்டர் அகலமுள்ள நீள்வட்டம் என்று கொள்வோம். பரப்பு ஏறக்குறைய 21 சதுர சென்டிமீட்டர். பழைய பேட்டைவிட ஒரு சென்டிமீட்டர் தடிமன் கூடிய பேட்டைப் போட்டால் காதுக்கும் டிரைவருக்கும் நடுவிலுள்ள அறையில் 21 கன சென்டிமீட்டர் காற்று சேர்கிறது. முன்பு 40 இருந்ததென்றால் இப்போது 61. சவ்வின் அசைவு மாறவில்லை என்று வைத்துக்கொண்டால் கீழ்ஸ்தாயி அழுத்தம் ஏறக்குறைய மூன்றரை டெசிபெல் இறங்க வேண்டும். நிஜத்தில் சவ்வின் விறைப்பும் டிரைவருக்குப் பின்னால் அடைபட்ட காற்றும் குறுக்கே வருவதால் இறக்கம் இதைவிடக் குறையலாம், ஆனால் திசை இதுதான். மேல்ஸ்தாயியில் கணக்கு வேறு. 6 சென்டிமீட்டர் துளையில் அரை அலைநீளம் பொருந்தும் அதிர்வெண் சுமார் 2900 ஹெர்ட்ஸ்; காது மிகக் கூர்மையாகக் கேட்கும் பகுதி அது. அங்கிருந்து மேலே பேட்டின் உட்சுவர்களுக்கு இடையே ஒலி எதிரொலித்து மேடும் பள்ளமும் போடுகிறது. உட்சுவர் வழவழப்பான தோலாக இருந்தால் எதிரொலி கூர்மையாகும்; துளையிட்ட தோலாகவோ வெல்வெட்டாகவோ இருந்தால் அடியிலுள்ள ஸ்பாஞ்ச் அதில் ஒரு பகுதியை உறிஞ்சும். பேட் மெலிந்தால் காதுமடல் டிரைவருக்கு நெருங்கும், சாய்வாக இருந்தால் ஒலி மடலின் வேறு மடிப்புகளில் போய் விழும். ஒரு வளையத்தில் உயரம், துளை அளவு, துணி, ஸ்பாஞ்சின் அடர்த்தி என்று நான்கு விஷயங்கள் ஒரே நேரத்தில் மாறுகின்றன. அதனால்தான் ‘தோல் பேட் பேஸைக் கூட்டும், வெல்வெட் குறைக்கும்’ என்ற ஒற்றை வரி விதி பாதி நேரம் பொய்க்கிறது. துணியினூடே காற்று மெல்லக் கசிந்தால் பேஸ் சீராகச் சரியும். ஓரிடத்தில் மட்டும் இடைவெளி விழுந்தால் அந்தத் துளையின் காற்றும் அறையின் காற்றும் சேர்ந்து ஒத்ததிர்ந்து, 100 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேட்டை எழுப்பிவிட்டு அதற்குக் கீழே சரியக்கூடும். கேட்பவர் பேஸ் கூடியது என்றே சத்தியம் செய்வார். ஆழமான பேஸ் போயிருக்கும்.

தயாரிப்பாளர்கள் இதை அறிந்தே வடிவமைக்கிறார்கள் என்பதற்கு இரண்டு ஸ்டூடியோ ஹெட்போன்கள் போதும். பேயர்டைனமிக்கின் டிடி 770 மூடிய வகை. 1980-களிலிருந்து வருகிறது, ஆனால் அதன் ப்ரோ மாடலில் போடுவது காற்று புகும் வெல்வெட் பேட். அந்தக் கசிவும் கிண்ணத்தின் காற்றோட்டத் துளையும் ஒன்றுக்கொன்று பேசி வைத்துக்கொண்டவை. சோனியின் எம்டிஆர் 7506, 1991-இலிருந்து கிட்டத்தட்ட மாறாமல் விற்கிறது. அதன் பேட் மெல்லியது, டிரைவர் காதை ஒட்டியே நிற்கும். உரிந்துபோன அந்த மெல்லிய பேட்டுக்குப் பதில் தடித்த வெல்வெட் மாட்டுவது பரவலான வழக்கம், சொகுசாகவும் இருக்கும். மேலே போட்ட கணக்கின்படி அது ஒரே நேரத்தில் அறையைப் பெரிதாக்கிச் சுவரையும் கசியவைக்கிறது. ஜப்பானில் ஒலிப்பதிவுக் கூடங்களுக்கென்று அதே நிறுவனம் செய்த எம்டிஆர் சிடி900எஸ்டியின் பேட் தனி உதிரிப் பாகமாகவே கிடைக்கிறது. அங்கே பழசான பேட்டுக்குப் பதில் அதே பேட்டைப் போடுவார்கள். நேற்றுப் பதிவு செய்ததையும் இன்று பதிவு செய்வதையும் ஒரே காதால் கேட்க வேண்டியவர்களின் ஒழுங்கு அது.

அசல் பேட்டையே விடாமல் வைத்துக்கொண்டால் ஒலி காப்பாற்றப்படும் என்று இதிலிருந்து முடிவு கட்டுவதும் தவறு. 1960, 70-களின் பிவிசி பேட்கள் அவற்றை மென்மையாக வைத்திருந்த வேதிப்பொருள் மெல்ல வெளியேறியதால் கல்லாக இறுகின. பிறகு வந்த பாலியூரிதேன் ரெக்ஸினுக்கு எதிரி ஈரம். ஈரக்காற்றும் வியர்வையும் அதன் மூலக்கூறுச் சங்கிலியை அறுக்கின்றன. சென்னையிலும் தூத்துக்குடியிலும் பேட்கள் சீக்கிரம் உரிவதற்கு இதுவே காரணம். அலமாரியில் சும்மா கிடந்தாலும் உரியும். ஸ்பாஞ்ச் அமுங்கி அமுங்கித் தன் உயரத்தை இழக்கிறது. டிரைவர் ஒவ்வொரு மாதமும் காதை நோக்கி நகர்கிறது. ஐந்து வருடப் பழைய பேட் என்பது பெயரளவில் அசல். அதைப் புதிய மாற்று பேட்டோடு ஒப்பிட்டு ‘அசல் ஒலி’ எது என்று வாதாடுபவர்கள் இரண்டு மாற்று பேட்களை ஒப்பிடுகிறார்கள்.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றில் மூன்று பதில் சொல்லத் தக்கவை. முதலாவது, மூளை பழகிவிடும், இரண்டு நாளில் வித்தியாசம் மறையும் என்பது. பழகுவது உண்மை. ஆனால் பழகியது கேட்பவர். காதுக்குள் போகும் ஒலி பழகவில்லை. அதை நம்பி ஒலிக்கலவை செய்பவர் பேஸ் போதவில்லை என்று கூட்டிவைப்பார், வேறு ஸ்பீக்கரில் கேட்கும்போது அது வீங்கித் தெரியும். இரண்டாவது எதிர்ப்பு இன்னும் வலுவானது: ஆளுக்கு ஆள் தலையும் காதும் வேறு, எனவே ஒரே ஹெட்போன் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு ஒலிதான், இதில் பேட்டின் வித்தியாசம் எம்மாத்திரம்? ஹார்மன் நிறுவனத்தில் டாட் வெல்ட்டியும் ஷான் ஆலிவும் 2010-களில் செய்த ஆய்வுகள் உண்மையான தலைகளில் கசிவு எவ்வளவு மாறுகிறது என்பதை எடுத்துக்கொண்டன. கீழ்ஸ்தாயியில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் பெரியது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த வித்தியாசத்தின் பெரும்பகுதி எங்கே பிறக்கிறது? தாடைக்கும் பேட்டுக்கும் நடுவில். நன்றாக வளைந்துகொடுக்கும் பேட் அதைச் சுருக்குகிறது, விறைத்த பேட் விரிக்கிறது. இந்த எதிர்ப்பு என் பக்கத்துச் சாட்சியாகத்தான் முடிகிறது.

மூன்றாவது, ஈக்வலைசர் இருக்கும்போது பேட்டைப் பற்றி ஏன் கவலை என்பது. நிலையான மாற்றத்தை ஈக்வலைசர் திருத்தும்: பேட் தடித்ததால் போன மூன்று டெசிபெல்லை அது திருப்பித் தரும். கசிவு நிலையானதல்ல. தலையைத் திருப்பினால், மென்றால், கண்ணாடியை மேலே தள்ளினால் மாறும். காலையில் கூட்டிவைத்த பேஸ் மாலையில் அடைப்பு சரியானதும் இரைச்சலாகும். பேட்டின் உள்துளை எதிரொலியால் விழும் குறுகிய பள்ளங்களையும் ஈக்வலைசரால் நிரப்ப முடியாது, ஏனென்றால் ஹெட்போன் அரை சென்டிமீட்டர் நகர்ந்தால் பள்ளமும் நகர்ந்துவிடும். இரைச்சல் நீக்கும் ஹெட்போன்கள் இதற்குக் கண்ட வழி உள்ளே ஒரு மைக்கை வைப்பது. ஆப்பிள் 2020-இல் கொண்டுவந்த ஏர்பாட்ஸ் மேக்ஸ், பேட் எப்படி அடைத்திருக்கிறது என்பதை உள்மைக்கால் கேட்டு ஒலியைத் திருத்திக்கொண்டே இருக்கிறது. சோனியின் டபிள்யூஎச் 1000எக்ஸ் வரிசையில் சில மாடல்கள் அணிந்திருப்பவரின் கண்ணாடியையும் முடியையும் கணக்கில் எடுக்கத் தனிச் சோதனை ஒலி எழுப்பும். அந்த மைக் ஒரு குறிப்பிட்ட பேட்டின் அறைக்காகச் சரிசெய்யப்பட்டது. வேறு பேட்டை மாட்டினால் இசையோடு இரைச்சல் நீக்கமும் தடுமாறும். மைக் இல்லாத ஹெட்போனில் அந்தத் திருத்தத்தை வாங்குபவரே செய்தாக வேண்டும், அதுவும் வாங்கும் முன்பே: பழைய பேட் அமுங்குவதற்கு முன் எவ்வளவு உயரம் இருந்தது, உள்துளை எவ்வளவு, உட்சுவர் தோலா துணியா, டிரைவரின் மேல் இருந்த மெல்லிய ஸ்பாஞ்ச் தட்டு புதியதிலும் இருக்கிறதா என்று பார்த்து. மாற்று பேட் விற்பவர்களில் பலர் நிறத்தையும் பொருந்தும் மாடல்களையும்தான் அட்டையில் போடுகிறார்கள். உள்துளையின் அளவையும் உயரத்தையும் மில்லிமீட்டரில் போட அவர்களுக்கு ஒரு வரி கூடுதலாகத் தேவைப்படும்.